கொட்டச் சொன்ன பால்

டிங்கருக்கு ஆறு வருஷமாக ஒரு கடுப்பு உண்டு. சொந்தக்காரர் வீடு ஒன்றில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த சித்தி அவன் தங்கச்சி மகளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் இந்தப் பிள்ளை ஈர்க்குச்சி மாதிரி இருக்கு? ஓ, இது புட்டிப்பால்ல வளர்ந்ததுதானே. அழகு கெட்டுடும்னு அம்மாக்காரி குடுக்கல போல" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வாய்க் கவளத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சுற்றி இருந்த நாலு பேர் சிரித்தார்கள். தங்கச்சி, தன் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான். டிங்கர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டான்.

காரின் கதவு கோணிக்கொண்டால் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். வாய் கோணிக்கொண்டவர்களை எதனால் தட்டுவது? அன்றைக்கே பதில் சொல்லியிருப்பான். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். முழுக்கதையில் அவன் செய்த காரியமும் வந்து நிற்கும். அதனால் ஆறு வருஷமாக அந்தக் கவளம் அவன் தொண்டையிலேயே கிடக்கிறது.

டிங்கர் என்பது அவன் பார்க்கும் வேலை. பெயராகவும் அதுவே ஒட்டிக்கொண்டது. மோதி நசுங்கி வருகிற கார்களைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, அடிபட்ட இடமே தெரியாமல் பண்ணிக் கொடுப்பான். பள்ளிக்கூடத்துக்கு ஐந்தாம் வகுப்போடு கும்பிடு போட்டவன். கல்யாணம் கூடிவரவில்லை. "முதல்ல உன் மூஞ்சிக்குப் பட்டி பூசணும்ணா, அப்புறம் பொண்ணு பாக்கலாம்" என்று தங்கச்சி சொல்வாள். அவனைவிடப் பதினோரு வயது சின்னவள். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணமான பிறகும் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, நாலு சட்டை காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டு, சொந்த வீட்டுக்கு மூன்று மாடி படியேறி வருகிற மனிதர். அதிர்ந்து பேசமாட்டார்.

தங்கச்சிக்குக் கார் பெயிண்ட் விற்கும் கடையில் நிறம் கலக்கும் வேலை. வண்டியில் இருக்கும் நிற எண்ணைப் பார்த்து, எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று தராசில் வைத்து ஊற்றி, தகடு ஒன்றில் தடவிக் காயவைத்துப் பார்த்து, ஒத்துவந்தால்தான் டப்பாவை மூடுவாள். மூடிய கையோடு ஒரு சீட்டு ஒட்டுவாள். அதில் நிற எண், தேதி, நேரம், கலந்தவள் கையெழுத்து எல்லாம் இருக்கும். சீட்டு இல்லாத டப்பா அவள் அலமாரியில் ஒரு ராத்திரி தங்காது. அதில் தங்கமே இருந்தாலும் கழிவு டிரம்மில் கொட்டிவிடுவாள். ஒரு தடவை டிங்கர் மிச்சம் வைத்திருந்த அரை லிட்டர் வெள்ளி நிறத்தை அப்படித்தான் கொட்டினாள்.

"நேத்து நீதானேடி கலந்து குடுத்த? கண்ணால பாத்தா தெரியுதுல்ல?"

"கண்ணால பாத்தா எல்லாமே வெள்ளிதான்ணா. அடிச்சுக் காஞ்ச அப்புறம்தான் கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம்னு தெரியும். சீட்டு இல்லையா, அது பெயிண்டே இல்ல."

கடையில் அவளுக்கு லேபிள் என்று பெயர். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டியிருப்பாள். திறந்தால் சர்க்கரைதான் இருக்கும்.

முப்பத்தொரு வயதில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. ஒரே சத்தத்தில் மூன்று பேரையும் ஓடவைக்கிற பிள்ளை என்பதால் டிங்கர் அதற்கு மேடம் என்று பெயர் வைத்தான். மேடத்துக்கு மூன்று மாதம் முடிந்தபோதுதான் தங்கச்சியின் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை. சளிக்கட்டி என்றார்கள். மாத்திரைக்கு அது அசையவில்லை. இன்னொன்று வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் தலையணை நனைந்து கிடக்கும். கட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டிங்கரும் கூடப் போனான்.

டாக்டர் ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். "சுத்தி வளைச்சுப் பேசமாட்டேன். இது புற்றுநோய். ஆனா மருந்துக்கு நல்லாக் கேக்குற வகை. எட்டு தடவை மருந்து ஏத்தணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை."

தங்கச்சி அழவில்லை. "நான் பால் குடுத்துட்டிருக்கேன் டாக்டர்" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"நிறுத்தணும். மருந்து ரத்தத்துல ஓடும். ரத்தத்துல ஓடறது பால்லயும் இறங்கும். வேகமா வளர்ற அணுவைத் தேடித் தேடி அடிக்கறதுதான் இந்த மருந்தோட வேலை. பச்சைக்குழந்தை உடம்புல வேகமா வளராதது என்ன இருக்கு?"

டிங்கர் குறுக்கே புகுந்தான். "ரெண்டு மாசம் தள்ளிப் போட்டா என்னங்க? பிள்ளைக்கு ஆறு மாசம் ஆயிடும்."

"கட்டி நாள் பாக்காதுங்க."

"சரி, மருந்து ஏத்துன மூணு நாலு நாளைக்கு விட்டுட்டு மிச்ச நாள்ல குடுத்தா? இல்ல, காய்ச்சிக் குடுத்தா?"

"அண்ணா, கொஞ்சம் வாயை மூடு" என்றாள் தங்கச்சி.

டாக்டருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை போலிருக்கிறது. "நாலு மருந்து சேர்த்து ஏத்தறோம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல வெளியே போகும். எல்லாம் சுத்தமாப் போயிடுச்சுன்னு நம்பி, பிள்ளை வாயில வைக்க முடியாது. அதுக்குள்ள அடுத்தது ஏறிடும். காய்ச்சினாலும் போகாது, உறைய வெச்சாலும் போகாது. மார் கட்டிக்காம இருக்க பம்ப் வெச்சு எடுத்துக் கொட்டிடுங்க. அப்படி எடுத்துட்டே இருந்தா சுரப்பு நிக்காம இருக்கலாம், நிக்கவும் செய்யலாம். எல்லாம் முடிஞ்ச பிறகு எத்தனை வாரம் விடணும்னு நான் சொல்றேன். நீங்களா கணக்குப் போடாதீங்க."

கடைசி வார்த்தையை டாக்டர் டிங்கரைப் பார்த்துச் சொன்னார்.

தங்கச்சி யோசித்தாள். "மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சா அது நல்ல பால்தானே?"

"நல்ல பால்தான். ஃப்ரீசர்ல வெச்சுக் குடுங்க."

முதல் மருந்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் அவள் வீட்டை ஒரு பட்டறை ஆக்கினாள். பிள்ளைக்குக் கொடுத்த கையோடு பம்ப் வைப்பாள். காய்ச்சலோடு வைப்பாள். தூங்கி விழுந்துகொண்டே வைப்பாள். எடுத்ததைப் பால் வைக்கும் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, சீட்டு ஒட்டினாள். எண், தேதி, நேரம். பதினோரு நாளில் முப்பத்தொரு பை சேர்ந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் மாட்டி, ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எழுதினாள். தினம் சாயங்காலம் ஒரு பை. மிச்ச வேளைக்கு டப்பாப் பால். பை தீர்வதற்குள் பிள்ளை டப்பாப் பாலுக்குப் பழகிவிட வேண்டும். அதுதான் அவள் திட்டம்.

"அடிப்பாவி, பெயிண்ட் கடையை வீட்டுக்கே கொண்டாந்துட்டியே" என்றான் டிங்கர்.

"பேசாம அந்த ஃப்ரீசர் தட்டைக் கழுவிக் குடு."

மருந்து ஏற்றிய நாளில் ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒரு கட்டு ரப்பர் கையுறை கொடுத்தார். மருந்து ஏறின உடம்பிலிருந்து வருகிற எதையும் வெறுங்கையால் தொடக்கூடாது என்றார். மாப்பிள்ளைக்கு ஷிஃப்டு. தங்கச்சிக்குத் தலை தூக்க முடியவில்லை. ஆகவே பால் கொட்டுகிற வேலை டிங்கருக்கு வந்தது.

அவள் அறையிலிருந்து பாட்டிலை நீட்டுவாள். அவன் கையுறை மாட்டி, கழிப்பறைக்குக் கொண்டுபோய்ச் சாய்த்து, தண்ணீர் விட்டு, பாட்டிலைத் தனி வாளியில் கழுவி வைப்பான். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. எவ்வளவு முரடனாக இருந்தாலும், அதைச் செய்துபார்த்தால் தெரியும். வெளியே ஹாலில் பிள்ளை பசியில் கத்துகிறது. உள்ளே இவன் வெள்ளை வெளேரென்ற பாலைக் குழிக்குள் ஊற்றிக்கொண்டு நிற்கிறான்.

மேடம் டப்பாப் பாலை மதிக்கவில்லை. பாட்டில் ரப்பரை நாக்கால் வெளியே தள்ளும். நாலு வாய் குடித்தால் மூன்று வாய் வெளியே வரும். சாயங்காலம் கிடைக்கிற அந்த ஒரு பையைத்தான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக் குடிக்கும். அது அழும்போது தங்கச்சிக்குப் பால் தானாகக் கசிந்து சட்டை நனையும். பல்லைக் கடித்துக்கொண்டு பால்கனியில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பன்னிரண்டாம் நாள் பிள்ளையை எடை போட்டார்கள். முந்நூறு கிராம் ஏறியிருக்க வேண்டியது, நூறு கிராம் இறங்கியிருந்தது.

மறுநாள், அதாவது மருந்து ஏறிய பதிமூன்றாம் நாள், டிங்கரின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அவன் மூளை வேலை செய்கிற நாளெல்லாம் யாருக்காவது கேடுதான்.

அவன் தொழிலில் பெயிண்டோடு தின்னர் கலப்பார்கள். அடித்த உடனே தொட்டால் கை எரியும், மோந்தால் தலை சுற்றும். கொஞ்ச நேரம் விட்டால் தின்னர் பறந்துவிடும், நிறம் மட்டும் நிற்கும். பறக்காத தின்னரை அவன் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் பறக்கிற உலகத்தில், பதிமூன்று நாளாகியும் ஒரு மருந்து உடம்பில் உட்கார்ந்திருக்குமா? தங்கச்சி எழுந்து நடமாடுகிறாள், இரண்டு வாய் சாப்பிடுகிறாள், கிண்டல்கூட வருகிறது. நாளை மறுநாள் அடுத்த மருந்து. இன்றைக்கு வருகிற பால்தான் இருப்பதிலேயே சுத்தமான பால். இதையும் குழியில் கொட்டுவதா?

அன்றைக்கு அவள் நீட்டிய பாட்டில்களில் மூன்றை அவன் கொட்டவில்லை. பையில் ஊற்றினான், வாயை ஒட்டினான். உடனே கொடுப்பதாக அவனுக்கு எண்ணம் இல்லை. முப்பத்தொன்றும் தீர்ந்து, பிள்ளை அப்போதும் குடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம், ஒரு கையிருப்பாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் சீட்டு இல்லாத பையை அவள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவாளே. குப்பைக்கூடையில் காலிப் பைகள் கிடந்தன. அவற்றிலிருந்து மூன்று சீட்டை உரித்தான். நசுங்கினதை வெளியே தெரியாமல் மூடுவதுதானே அவன் பிழைப்பு.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மூன்றையும் ஃப்ரீசரில் பின்னால் தள்ள இடம் வேண்டும் என்று எல்லாப் பைகளையும் வெளியே எடுத்து, ஈரத் துணியால் பனியைத் துடைத்தான். துடைத்த ஈரத்தில் ஏழெட்டுச் சீட்டுகள் உதிர்ந்து தரையில் விழுந்தன. பால்கனியில் தங்கச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. கைக்கு வந்த சீட்டைக் கைக்கு வந்த பையில் ஒட்டி, எல்லாவற்றையும் உள்ளே திணித்துக் கதவை மூடினான்.

இரண்டாவது மருந்து ஏறியது. அது முடிந்து மூன்றாம் நாள் சாயங்காலம். அன்றைக்குப் பதினெட்டாம் எண் பையின் முறை. மாப்பிள்ளை ஷிஃப்டு முடிந்து வந்த களைப்பில், முன்னால் கைக்கு அகப்பட்டதை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டிருந்தார். தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தவள், பாத்திரத்தைப் பார்த்து நின்றாள்.

"இது என்ன நம்பர்?"

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "பன்னெண்டு."

"பன்னெண்டு போன வாரமே குடிச்சாச்சு." தாளைத் தொட்டுக் காட்டினாள். பன்னிரண்டுக்கு நேரே அவள் போட்ட கோடு இருந்தது. "குடிச்ச பால் எப்படித் திரும்ப வந்துச்சு?"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நின்றிருந்த டிங்கர் அதை மறு தோளுக்கு மாற்றிப் போட்டான். மாப்பிள்ளை எண்ணைத் தப்பாக எழுதியிருப்பாய் என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா."

"என்ன."

"எத்தனை வெச்ச?"

பொய் சொல்ல அவனுக்கு நேரம் கிடைத்தது. நாக்குதான் வரவில்லை. "மூணு" என்றான். "ரெண்டாவது மருந்துக்கு முந்தி வந்தது. பதிமூணு நாள் ஆச்சேன்னு... அதெல்லாம் பறந்திருக்கும்மா. தின்னர் மாதிரி."

"தின்னர் மாதிரி" என்று அவள் திருப்பிச் சொன்னாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "மத்த ரெண்டு எது?"

"பத்து, பதினொண்ணுன்னு சீட்டு ஒட்டினேன். ஆனா..." சீட்டுகள் உதிர்ந்த கதையையும் சொன்னான். "கைக்கு வந்தபடி ஒட்டிட்டேன்."

"அப்போ பதினொண்ணுன்னு ஒட்டியிருக்கறது நல்ல பாலா இருக்கலாம். இருபத்திநாலுன்னு ஒட்டியிருக்கறது அந்தப் பாலா இருக்கலாம்."

"எனக்குப் பாத்தா தெரியும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

ஃப்ரீசரைத் திறந்து எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாள். தண்ணீரில் கிடந்ததையும் சேர்த்துப் பதினேழு பை. முப்பத்தொன்றில் பதினேழு கொடுத்தாகிவிட்டது, மிச்சம் பதினாலு, இவன் வைத்தது மூன்று. எண்ணிப் பார்த்ததில் ஒரு பயனும் இல்லை. கொடுத்த பதினேழும் நல்ல பாலாகவே இருந்தாலும் மிச்சம் பதினேழுதான். அவன் சீட்டைக் கலைத்த பிறகு கொடுத்த ஐந்தில் ஒன்று இரண்டு அந்தப் பாலாக இருந்தாலும் மிச்சம் பதினேழுதான். பிள்ளை குடித்ததா இல்லையா என்று சொல்லப் பைக்கு வாய் கிடையாது.

மாப்பிள்ளை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானை முறைத்துப் பார்த்தார். "ஏன் மச்சான்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். 

தங்கச்சி கையுறைக் கட்டை எடுத்து அண்ணன்முன் போட்டாள். "கொட்டு."

"எல்லாத்தையுமா? அதுல பதினாலு நீ காய்ச்சலோட எடுத்ததும்மா. உன்..."

"எது பதினாலுன்னு காட்டு. காட்டினா வெச்சுக்கறேன்."

அவன் ஒரு பையை எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், கீழே வைத்துவிட்டான்.

"கொட்டுண்ணா. நான் இங்க நின்னு பாக்கறேன்."

கல்லாக உறைந்த பையைக் கழிப்பறையில் கொட்ட முடியாது. ஒவ்வொன்றாக வெந்நீரில் போட்டு, இளகவைத்து, கத்தரித்து, சாய்க்க வேண்டும். பதினேழு பைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒன்பதாவது பையில் அவனுக்குக் கண் மறைத்தது. கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போனான். "கையை இறக்கு, கண்ணுல படாம" என்றாள். பதினேழும் முடிந்ததும், கதவில் மாட்டியிருந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வண்டி எடு. பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் அவளே சொல்லிவிடுவாள் என்றுதான் டிங்கர் நினைத்திருந்தான். உள்ளே போனதும், "எங்கண்ணன் ஒண்ணு சொல்லணுமாம்" என்று ஒதுங்கிக்கொண்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், தின்னரையும் விடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார்.

"பாலைக் கொட்டத் தயங்கின முதல் ஆள் நீங்க இல்ல. ஆனா சீட்டை மாத்தி ஒட்டினது நீங்கதான் முதல் ஆள்" என்றார். பிறகு மேடத்தின் பிஞ்சுக் காலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். எடுத்தபோது பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது டிங்கரை. அதுவும் தங்கச்சியின் ஏற்பாடுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்போதும் சரியாக இருந்தது. "குடிச்சிருக்காதா, குடிச்சும் ஒண்ணும் ஆகலையான்னு என்னால சொல்ல முடியாது. தப்பிச்சீங்க. தப்பிச்சதை வெச்சு, கொஞ்சம் குடுத்தா பரவாயில்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க" என்றார் டாக்டர்.

இனி டப்பாப் பாலைத் தவிர வேறு வழி இல்லை. ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒன்று சொன்னார்: அம்மா கையில் இருந்தால், அம்மா வாசனைக்குப் பிள்ளை மாரைத்தான் தேடும், வேறு யாராவது புகட்டிப் பாருங்கள். டிங்கர் பட்டறைக்கு ஒரு வாரம் பூட்டுப் போட்டான். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு ஹாலில் நடந்தான். சுவர்வரை பன்னிரண்டு அடி, திரும்பி வரப் பன்னிரண்டு அடி. உட்கார்ந்தால் குடிக்காது. நின்றால் குடிக்காது. நடந்தால் நாலு வாய் குடிக்கும். அவன் சட்டையெல்லாம் புளித்த பால் வாடை. முதல் நாள் இருபது மில்லி, மறுநாள் நாற்பது. ஆறாம் நாள் ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு அவன் முகத்தில் ஏப்பம் விட்டது. பால்கனிக் கதவைத் தட்டி, காலிப் பாட்டிலைக் கண்ணாடி வழியாகத் தங்கச்சியிடம் காட்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். இன்னும் அவனோடு பேச ஆரம்பிக்கவில்லை.

நாலாவது மருந்துக்குத்தான் பேசினாள். தலைமுடி கொத்துக்கொத்தாக வந்துகொண்டிருந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "பட்டி தேய்க்கற மிஷினை எடுத்துட்டு வந்துடாத, சாதா மிஷினால ஒட்ட எடு" என்றாள். அவன் எடுத்தான். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "முதல் பூச்சு ப்ரைமர் அடிக்கத் தயாரா இருக்கு" என்றாள். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பில் மேடம் பயந்து அழுதது.

எட்டு மருந்தில் ஒன்றைக்கூட அவள் தள்ளிப்போடவில்லை. ஐந்தாவதற்குப் பிறகு வாய் முழுக்கப் புண். தண்ணீரே இறங்காது. அப்போதும் நாலு மணிக்கொரு தடவை பம்ப் வைத்தாள். பால் குறைந்துகொண்டே வந்தது. பாட்டிலில் பாதி, கால், கடைசியில் இரண்டு ஸ்பூன். அந்த இரண்டு ஸ்பூனையும் டிங்கர் கையுறை மாட்டிக்கொண்டு கொட்டினான். "இதுக்காடி இவ்வளவு பாடு? விட்டுடேன்" என்று ஒரு தடவை கேட்டான்.

"நிறுத்தச் சொன்னது பிள்ளைக்குக் குடுக்கறதை. எடுக்கறதை யாரும் நிறுத்தச் சொல்லல" என்றாள்.

எட்டாவது முடிந்தது. படம் எடுத்துப் பார்த்ததில் கட்டிகள் கரைந்திருந்தன. டாக்டர் சொன்ன வாரக்கணக்கு முழுவதும் காத்திருந்து, அதற்குப் பிறகும் ஒரு தடவை நேரில் போய்க் கேட்டு, சரி என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் பிள்ளையை மடியில் போட்டாள். மேடத்துக்கு அப்போது பத்து மாதம். நாலு பல். மாப்பிள்ளையும் டிங்கரும் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது, மாரைப் பார்த்தது, ஒரு கடி கடித்துவிட்டுச் சிரித்தது. பிறகு மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போய், மூலையில் கிடந்த பாட்டிலை எடுத்து ஆட்டியது.

இவள் உடைந்துபோய்விடுவாள் என்று டிங்கர் பயந்தான். அவள் சட்டையைச் சரிசெய்துகொண்டாள். "மேடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். எழுந்து போய் பம்பைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். குழாய்த் தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. உள்ளே போகாதீர்கள் என்று மாப்பிள்ளை கை காட்டினார். யாரும் போகவில்லை.

இப்போது மேடம் மூன்றாம் வகுப்பு. ஈர்க்குச்சிதான், ஆனால் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறுகிறது. தங்கச்சி அதே கடையில் நிறம் கலக்குகிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை கழுத்தைத் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார். நடந்ததைப் பற்றி அவள் டிங்கரிடம் ஒரு வார்த்தை எடுத்ததில்லை. அவனும் எடுத்ததில்லை.

போன திங்கட்கிழமை பட்டறைக்குப் போன் பண்ணினாள். அவன் ஒரு காரின் அடியில் படுத்திருந்தான்.

"அண்ணா, எங்க கடை கவுண்ட்டர்ல நிக்கிற பொண்ணு தெரியும்ல? பிள்ளை பெத்து ரெண்டு மாசம் ஆச்சு. அவளுக்கும் மருந்து ஏத்தப் போறாங்க. வியாழக்கிழமை முதல் தடவை."

டிங்கர் காருக்கடியிலிருந்து வெளியே வந்தான். "அடப்பாவமே. நீ போய்ச் சொல்லிக் குடு. உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

"அவகிட்ட நான் பேசிட்டேன். அவ தெளிவா இருக்கா. அவ கையில ஒண்ணும் இல்ல. கூட இருந்து பாத்துக்கப் போறது அவ அண்ணன். பால் கொட்டப் போறதும் அவன்தான். லாரி பாடி கட்டறவன், உன்னை மாதிரியே ஒரு ஆளு. நான் சொன்னா தலையை ஆட்டுவான், அந்தப் பக்கம் போய் மூளையை உபயோகிப்பான்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீ போய் அவன்கிட்ட பேசு."

"என்னத்தைப் பேச?"

"நீ பண்ணினதை. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் எப்படி நின்னேன் எப்படி அழுதேன்னு கதை அளக்க வேண்டாம். மூணு பையைப் பத்தி மட்டும் சொல்லு. விடாம சொல்லு, சீட்டு ஒட்டினது வரைக்கும். புதன்கிழமை சாயங்காலம் போயிடு. போறதுக்கு முன்னாடி குளி."